மௌனம் சம்மதமல்ல என்று கற்பிக்கும் பாடம்

மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972 மார்ச் 26 இரவு நடந்த ஒரு பாலியல் வன்கொடுமை, பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரால் ‘மதுரா வழக்கு’ என்று இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. பெற்றோரை இழந்து, சகோதரரின் ஆதரவில், கூலி வேலை செய்து வாழ்ந்த பழங்குடிச் சிறுமி அவர். ஒரு புகார் விசாரணைக்காக உறவினர்களோடு நிலையத்துக்கு வரவழைக்கப்பட்டவரை, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பணியிலிருந்த காவலர்கள் உள்ளேயே நிறுத்திக்கொண்டார்கள். அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை விடுதலை செய்தது. அந்தச் சிறுமி உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, பயத்தில் பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்று சொல்லி, தண்டனை விதித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. உடலில் காயமில்லை, கூச்சல் போடவில்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை. ஆகவே அவர் இசைந்திருக்கிறார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று கல்யாணப் பேச்சின்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் சட்ட வாதமாகவே நின்றது.

அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்டவர்கள் நான்கு சட்டப் பேராசிரியர்கள். உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நால்வரும் 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதற்கும் சம்மதிப்பதற்கும் சட்டத்திலும் சாதாரண புத்தியிலும் வேறுபாடு உண்டு என்பது அவர்கள் வாதம். அந்தப் பெண்ணின் வயது, வறுமை, சட்ட உரிமைகள் பற்றி அறியாத நிலை, ஏழைகளுக்குக் காவல் நிலையம் என்றாலே எழும் அச்சம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் அவருடைய மௌனத்துக்கு எப்படிப் பொருள் சொல்ல முடியும் என்று அவர்கள் கேட்டார்கள். 1980இல் பெண்கள் அமைப்புகள் பல நகரங்களில் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமை வழக்கில், தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. 2013 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகைத் தொடர்பாலோ தன் விருப்பத்தை ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிப்பதே சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டமே விளக்கம் எழுதியது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் தொடர்கிறது.

பாலினம், அடையாளம், தொடர்பியல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும் பாடம் ஒரு மாணவருக்கு என்ன தரும் என்ற கேள்விக்கு, அந்தத் திறந்த மடலைவிடத் தெளிவான பதில் இல்லை. ஒருவர் சொன்னது எது, அவர் இன்னார் என்பதால் நாமாக ஊகித்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையே இந்தப் பாடம் தருகிறது. புகார் எழுதும் காவலர், நோயாளியிடம் கேட்டறியும் மருத்துவர், செய்திக்குத் தலைப்பிடும் உதவி ஆசிரியர், வகுப்பில் கேள்வி கேட்கும் ஆசிரியர், நேர்காணலில் ஆள் எடுக்கும் மேலாளர் என்று பிறர் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கும் எவருக்கும் இது தொழில் திறன். ஆனால், நம் கல்லூரிகளில் இது பெண்ணியல் துறையின் ஒரு தாளாகவோ, இதழியல் மாணவர்களின் விருப்பப் பாடமாகவோ ஒதுங்கிக் கிடக்கிறது. ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மிகவும் தேவைப்படும் சட்டம், மருத்துவம், கல்வியியல், நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் அதன் பக்கமே போவதில்லை. எல்லா இளநிலைப் படிப்பிலும் இதைக் கட்டாயத் தாளாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

இந்தப் பாடம் முதலில் கலைப்பது, நாம் சோதித்துப் பார்க்காமலே நம்பிவரும் செய்திகளை. பெண்கள் வாயாடிகள், ஆண்கள் அளந்து பேசுபவர்கள் என்பது அவற்றில் ஒன்று. 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 மாணவர்களின் அன்றாடப் பேச்சைச் சிறு கருவியால் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தது. பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 16,215 சொற்கள், ஆண்கள் 15,669 சொற்கள் பேசினார்கள். புள்ளியியல் கணக்கில் அது வேறுபாடே இல்லை. 2025இல் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து மீண்டும் எண்ணியபோது, 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களிடையே பெண்கள் ஓரளவு கூடுதலாகப் பேசுவது தெரிந்தது. மற்ற வயதினரிடம் அப்படித் தெரியவில்லை. இரண்டு முறையும் ஒன்று மட்டும் மாறவில்லை: ஆண்–பெண் சராசரிகளுக்கு இடையே இருக்கும் தூரத்தைவிட, ஒரே பாலினத்தவருக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் தூரம் பல மடங்கு பெரிது. மாணவர் இங்கே இரண்டு பாடங்களைக் கற்கிறார். ஊரே சொல்கிறது என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. ஆய்வு ஒருமுறை சொன்னதையும் மறுபடி சோதிக்கத் தயங்கக் கூடாது.

அடுத்த பாடம் இன்னும் முக்கியமானது. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975இல் வெளியிட்ட நூலில், ‘இருக்கலாம்’, ‘என்று நினைக்கிறேன்’, ‘சரிதானே?’ என்று தயங்கித் தயங்கிப் பேசுவதைப் பெண்களின் மொழி என்று வகைப்படுத்தினார். அது பெரும்பாலும் அவருடைய கவனிப்பிலிருந்து பிறந்த கருத்து. வில்லியம் ஓபார், பௌமன் அட்கின்ஸ் ஆகியோர் வட கரோலினா நீதிமன்றங்களில் சாட்சிகள் பேசியதைப் பதிவுசெய்து அதைச் சோதித்தார்கள். மருத்துவர் போன்ற நிபுணத்துவம் உள்ள பெண் சாட்சிகளிடம் அந்தத் தயக்கம் மிகக் குறைவாக இருந்தது. படிப்போ அந்தஸ்தோ இல்லாத ஆண்களிடம் ஏராளமாக இருந்தது. பெண்ணின் இயல்பு என்று எண்ணியது அதிகாரமின்மையின் அடையாளமாக இருந்தது. அதே ஆய்வுக் குழுவின் இன்னொரு சோதனையில், ஒரே சாட்சியத்தைத் தயங்கும் நடையிலும் உறுதியான நடையிலும் கேட்கவைத்தபோது, தயங்கியவரைக் கேட்டவர்கள் குறைவாகவே நம்பினார்கள். அதிகாரம் இல்லாதவர் தயங்குகிறார். தயங்குவதால் நம்பப்படாமல் போகிறார். நம்பப்படாததால் மேலும் அதிகாரம் இழக்கிறார். ஒரு விசாரணை அதிகாரிக்கு இந்தச் சுழற்சி தெரியாவிட்டால், முன்னால் நிற்பவர் பொய் சொல்கிறாரா, பயந்து பேசுகிறாரா என்று பிரித்தறிய வழியே இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நம் கிராம சபைக் கூட்டங்களில் பேசப்பட்டதைப் பதிவுசெய்து எழுத்தாக்கி, கணினி உதவியுடன் ஆராய்ந்த கட்டுரை ஒன்று, ‘அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரெவ்யூ’ இதழில் 2019இல் வெளிவந்தது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் எழுதியது. கூட்டத்துக்கு வரும் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள். அவர்கள் எழுப்பும் பொருள் மேற்கொண்டு பேசப்படுவது குறைவு. அதிகாரிகளிடமிருந்து அதற்கு உரிய பதில் கிடைப்பதும் குறைவு என்று அது கண்டது. ஆனால், தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெண்களின் பேச்சுக்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது. தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, ரேஷன் கடை என்று பேசப்படும் பொருள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பது, இந்தப் பக்கம் நிற்பவரின் குரல் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் கொடுத்த மாநிலத்தின் மாணவர்கள், அந்த ஒதுக்கீடு பேச்சில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று அளந்து பார்க்கவும் கற்க வேண்டாமா?

பேச்சுக்கு அடுத்தது எழுத்து. ‘தனியாகச் சென்ற கல்லூரி மாணவிக்கு நேர்ந்த கொடுமை’ என்ற வகைத் தலைப்பு தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. அதைச் சொல் சொல்லாக எடுத்துப் பார்க்கலாம். ‘தனியாகச் சென்ற’ என்பது தலைப்பின் முதல் இடத்தைப் பிடித்து, நடந்ததற்குக் காரணம் போல நிற்கிறது. ‘நேர்ந்த’ என்ற வினை, மழை வந்தது, விபத்து நடந்தது என்பதைப்போலச் செய்தவர் இல்லாத நிகழ்ச்சியாக அதை ஆக்கிவிடுகிறது. தலைப்பு முழுவதிலும் குற்றவாளி இல்லை. இதையே ‘கல்லூரி மாணவியைத் தாக்கிய இருவர் கைது’ என்று எழுதினால், அதே இடத்தில் அதே செய்தி அடங்குகிறது. பார்வை மட்டும் பாதிக்கப்பட்டவரின் நடத்தையை விட்டுக் குற்றம் செய்தவர்மேல் திரும்புகிறது. ‘அழகிகள் கைது’ என்று அச்சில் ஏறிப் பழகிய சொற்களிலும் இதே கோணல்தான்: பெண்ணை அடையாளம் காட்டும் சொல் இருக்கும், உடனிருந்த ஆணுக்கு எந்த அடைமொழியும் இருக்காது. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைக் கைவிட்டுப் ‘பாலியல் வன்கொடுமை’ என்று தமிழ் இதழ்கள் எழுதத் தொடங்கியது நல்ல மாற்றம். சொல் மாறிய பிறகும் வாக்கியத்தின் அமைப்பு மாறாதிருப்பதைப் பிடிக்க, பயிற்சி வேண்டும்.

செய்தியில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே நாளின் செய்திகளைப் பல நாடுகளில் எடுத்து எண்ணுகிறது. செய்திகளில் பேசப்படுவோரிலும் பேசுவோரிலும் பெண்கள் 1995இல் 17 விழுக்காடு. 2020இல் 25 விழுக்காடு. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. நம் நாட்டில் செய்தியைப் பெறும் கருவியே சமமாக இல்லை: இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 விழுக்காடு, பெண்களில் 33 விழுக்காடு என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு.

எழுத்தின் கோணல் பத்திரிகையோடு நின்றால்கூடப் பொறுக்கலாம். அது அரசு ஆவணத்தில் ஏறும்போது நீதியையே பாதிக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. விசாரணைக்குப் பெண் அதிகாரிகள் மட்டும் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்த சென்னை உயர் நீதிமன்றம், அறிக்கை எழுதப்பட்டிருந்த மொழியையே கடுமையாகக் கண்டித்தது. பாதிக்கப்பட்டவர்மீதே பழி சுமத்தும் வகையில் அது இருப்பதாகச் சொன்னது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. முதல் தகவல் அறிக்கை என்பது வழக்கின் அடிக்கல். அதை எழுதுபவர் பாதிக்கப்பட்டவர் சொன்னதை எழுத வேண்டும். சொன்னதைப் பற்றிய தன் எண்ணத்தை எழுதக் கூடாது. இரண்டையும் பிரிக்கும் பழக்கத்தைக் காவலர் பணிக்கு வந்த பிறகு சில மணி நேரப் பயிலரங்கில் கொடுத்துவிட முடியாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வகுப்பறையில் பழக வேண்டியது அது.

இப்பாடத்தின் இரண்டாவது தூண் அடையாளம். ஒருவர் பெண்ணாக மட்டுமோ ஆணாக மட்டுமோ வாழ்வதில்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் ஒரு வழக்கை எடுத்துக்காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு வந்தது 1976இல். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு, பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்த அவர்கள் முதலில் வேலை இழந்தார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே என்று நீதிமன்றம் சொன்னது. எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினப் பெண் என்று தனியாக ஒரு பிரிவைச் சட்டத்தில் ஏற்க முடியாது என்று கூறி, அவர்களின் பாலினப் பாகுபாட்டு வாதத்தை அது ஏற்கவில்லை. இரண்டு பாகுபாடுகள் சந்திக்கும் இடத்தில் நின்றவர்களின் குறை, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் போனது. இதை நம் மண்ணில் விளக்கச் சிரமமே இல்லை. தேசாய்கஞ்ச் சிறுமி பெண், பழங்குடி, பெற்றோரை இழந்தவர், கூலித் தொழிலாளி. அந்த நான்கும் சேர்ந்தே அவரைக் காவல் நிலையத்தில் வாயடைக்கவைத்தன. தலித் பெண்ணின் புகாருக்கும் ஆதிக்கச் சாதிப் பெண்ணின் புகாருக்கும் ஒரே நிலையத்தில் ஒரே மரியாதை கிடைக்கிறதா என்ற கேள்வியை எழுப்பாமல் இங்கே பாலினத்தைப் படிக்கவே முடியாது.

தெரியாததைக் கற்றுக்கொண்டு முடிவெடுப்பது எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றமே ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறது. 2021இல், வீட்டாரின் எதிர்ப்பிலிருந்து பாதுகாப்புக் கேட்டு ஒருபால் ஈர்ப்புள்ள இரு பெண்கள் தொடுத்த வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்தப் பொருளில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன அவர், உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். காவல் துறை, மருத்துவக் கல்வி, பள்ளிகள் என்று பல இடங்களுக்கும் வழிகாட்டுதல்கள் அதிலிருந்து பிறந்தன. ஊடகங்களும் அலுவலகங்களும் பயன்படுத்த வேண்டிய சொற்களின் பட்டியலை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டதும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான். அந்த நீதிபதி தேடிச்சென்று பெற்ற கல்வியை, நாளைய நீதிபதிகள் எல்லோருக்கும் கல்லூரியிலேயே ஏன் கொடுக்கக் கூடாது? பாடத்திட்டம் கவனிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஒருபால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட தடய மருத்துவப் பாடத்திட்டத்தில், பெண் ஒருபால் உறவு ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ என்ற தலைப்பின் கீழ் மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்புக் கிளம்பிய சில நாட்களில் ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது.

இக்கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, இது மேலை நாட்டுச் சரக்கு என்பது. மேலே சொன்ன ஆய்வுகளில் பல அமெரிக்காவில் நடந்தவை என்பது உண்மை. ஆனால், பொருள் நமக்குப் புதிதல்ல. ஆண்மை திரிந்தவர்களை உயர்திணைக்குள் வைத்து, அவர்களுக்கு எந்த வினைமுடிவு பொருந்தும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதி செய்திருக்கிறது. கற்பு என்பது ஏன் பெண்ணுக்கு மட்டும் சொல்லப்படுகிறது என்று 1920களிலேயே ‘குடியரசு’ இதழில் பெரியார் கேட்டார். தேவதாசி முறைக்குள் பெண்கள் எப்படிச் சிக்கவைக்கப்படுகிறார்கள் என்பதை மூவலூர் இராமாமிர்தம் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலாக எழுதினார். திருநங்கையருக்கு நாட்டிலேயே முதல் நல வாரியம் 2008இல் தமிழ்நாட்டில் அமைந்தது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது 2014இல்; நம் மாநிலம் அதற்கு ஆறு ஆண்டுகள் முந்திக்கொண்டது. பழைய இலக்கணத்தில் இடம் இருந்ததாலேயே சமூகத்தில் மரியாதை இருந்தது என்று பெருமை பேச முடியாது. ஆனால், இந்தக் கேள்விகள் இங்கேயே கேட்கப்பட்டவை. இவற்றைப் படிக்கும் மாணவர் சொந்த மரபைத்தான் படிக்கிறார்.

இரண்டாவது எதிர்ப்பு, சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடுமா என்பது. நியாயமான கேள்வி. கணவன் மனைவியை அடிப்பதற்கு ஏதாவது ஒரு காரணத்தையாவது நியாயம் என்று ஏற்பவர்கள் பெண்களில் 45 விழுக்காடு, ஆண்களில் 44 விழுக்காடு என்கிறது முன்னே சொன்ன குடும்பநல ஆய்வு. எந்தச் சொற்பட்டியலும் அதை ஓரிரவில் மாற்றாது. ஆனால், சில சொற்கள் செயலாகவே இருக்கின்றன. 1970களில் தேசாய்கஞ்ச் சிறுமியை ‘பழக்கப்பட்டவர்’ என்று நீதிமன்றம் எழுதியதற்கு அடிப்படையாக இருந்தது, இரு விரல் பரிசோதனை வழியே மருத்துவச் சான்றிதழில் ஏறிய குறிப்பு. அந்தச் சோதனை பெண்ணின் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். அதன் பிறகும் அது நின்றபாடில்லை. அதைச் செய்வோர் முறைகேடு செய்தவராகக் கருதப்படுவர் என்றும், மருத்துவப் படிப்பிலிருந்தே அதை நீக்க வேண்டும் என்றும் 2022 அக்டோபர் 31 அன்று மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. ஒரு சான்றிதழில் எழுதப்படும் ஒற்றைச் சொல் ஒருவருக்கு நீதியை மறுக்கும் என்றால், அந்தச் சொல்லை ஆராய்வது வெறும் நாகரிகப் பேச்சு ஆகாது.

மூன்றாவது, இது ஆண்களுக்கு எதிரான பாடம் என்ற மனக்குறை. பல மாணவர்களிடம் இது உண்மையாகவே இருக்கிறது. அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால், இப்பாடத்தால் ஆண்களுக்குக் கிடைப்பதும் சிறிதல்ல. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல், அவர்களில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று கேட்டுக் கேட்டு வளரும் பையன், தனக்கு நடந்ததை யாரிடம் போய்ச் சொல்வான்? நாட்டில் தற்கொலை செய்துகொள்வோரில் பத்தில் ஏழு பேர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் காட்டுகிறது. அதற்குக் கடன், நோய், குடும்பச் சிக்கல் என்று பல காரணங்கள் உண்டு. மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வதைக் கோழைத்தனம் என்று கற்பிக்கும் வளர்ப்பையும் அவற்றோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆண்களின் மௌனத்தையும் மௌனமாகவே விட்டுவிடாத பாடம் இது.

நான்காவது எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. இன்னொரு கட்டாயத் தாளைச் சேர்த்தால் கடைசி நேரத்தில் வழிகாட்டி நூலைப் புரட்டித் தேர்ச்சி பெறும் சடங்காகிவிடும் என்று ஆசிரியர்களே அஞ்சுகிறார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் எல்லா இளநிலைப் படிப்புகளிலும் கட்டாயமான சுற்றுச்சூழல் பாடம் பல கல்லூரிகளில் அப்படித்தான் ஆனது. ஆகவே, கட்டாயமாக்குவது எவ்வளவு முக்கியமோ அதே அளவுக்குக் கற்பிக்கும் முறையும் முக்கியம். இது உபதேசமாக நடக்கக் கூடாது. ஒரு வாரத்து நாளிதழ்களை எடுத்துவைத்து, யார் பெயர் எத்தனை முறை வருகிறது, யாருக்கு அடைமொழி சேர்கிறது, எந்தக் குற்றச் செய்தியில் குற்றவாளி எழுவாயாக இருக்கிறார் என்று மாணவர்கள் எண்ணட்டும். தங்கள் வகுப்பில் நடக்கும் விவாதத்தை ஒப்புதலோடு பதிவுசெய்து, யாருடைய பேச்சு இடையில் வெட்டப்படுகிறது என்று பார்க்கட்டும். கிராம சபையில் அமர்ந்து, எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். முதலில் தங்கள் ஊகத்தை எழுதிவைத்து, பிறகு எண்ணிக்கையோடு ஒப்பிடட்டும். முடிவு பாடநூலுக்கு எதிராக வந்தால், அதற்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். லேக்காஃபின் கருத்தைத் திருத்திய ஓபாரும் அட்கின்ஸும் செய்தது அதைத்தான்.

வேலை தேடும் இளைஞர்களுக்குத் தொடர்புத் திறன் வேண்டும் என்பதில் இன்று இரு கருத்து இல்லை. அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் முதல் தெருமுனைப் பயிற்சி மையம் வரை பேசக் கற்றுக்கொடுக்கின்றன. அது தேவை, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது கதவைத் திறக்கிறது. அந்தக் கதவுக்கு உள்ளே போனவர், தன் முன்னால் நின்று தயங்கிப் பேசுபவரை எப்படிக் கேட்பார் என்பதும் அதே அளவுக்குத் தேவையான திறன். பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் சட்டம், மருத்துவம், கல்வியியல், இதழியல், நிர்வாகம் ஆகிய படிப்புகளிலிருந்து தொடங்கி, இத்தாளை எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயமாக்க வேண்டும். உயர்கல்வித் துறை அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். திருநர், தலித், பழங்குடி சமூகங்களிலிருந்து வருபவர்களுக்கு அந்தப் பணியிடங்களில் உரிய பங்கு இருக்க வேண்டும். காவலர் பயிற்சிப் பள்ளிகளும் நீதித் துறைப் பயிற்சி நிலையங்களும் அதே பாடத்தைத் தங்கள் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். சட்டம் சம்மதத்துக்கு விளக்கம் எழுதிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதைப் படித்துப் புரிந்து நடைமுறைப்படுத்தும் மனிதர்களை உருவாக்கும் பொறுப்பு கல்லூரிகளுடையது; அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.